பொட்டி தானா முள்ளங்கி நடுமா?

சுப்பராயன்: ...எழுதுன்னா எழுதும்மா! 'பெட்டியில் கோளாறு.' ரெண்டே வார்த்தை. கீழ உன் கடை சீல், ஒரு கையெழுத்து. நான் பாட்டுக்குப் போயிடறேன்.

ஜமீலா: கோளாறு இன்னான்னே பாக்காம எப்டி சார் எழுதறது?

சுப்பராயன்: நான்தான் பாத்துட்டேனே. முப்பத்து நாலு வருஷமா ஃபாக்டரில பார்ட்ஸ் பாத்து, இது தேறும், இது தேறாதுன்னு கையெழுத்து போடறவன். இந்த கேம் பெட்டி தேறாது.

ஜமீலா: அது ராணுவ வண்டி பார்ட்ஸ் சார். இது கைல வச்சுகினு பழைய கேம் ஆடற பொட்டி.

சுப்பராயன்: எதுவா இருந்தா என்ன? கோளாறு கோளாறுதான்.

ஜமீலா: பில்லு கீதா?

சுப்பராயன்: பில்லு இல்லாம வர்ற ஆளா நான்? இந்தா. பின்னாடி என் ஃபாக்டரி டோக்கன் நம்பர் முதக்கொண்டு எழுதி வச்சிருக்கேன்.

ஜமீலா: நாலாயிரத்து நானூத்திப் பதினேழு... இத்த இன்னாத்துக்கு சார் எழுதினீங்க?

சுப்பராயன்: பழக்கம்மா. எந்தத் தாள்ல கை வச்சாலும் கீழ 4417 தானா வந்து உக்காரும். கல்யாண ரிஜிஸ்தர்லயே போட்டுட்டேன். பக்கத்துல நின்ன மாமனாரு மொறச்சாரு... அத வுடு. எழுது.

ஜமீலா: சார், பொறுமையா கேளுங்க. நம்ம திருமுல்லைவாயில் குவார்ட்டர்ஸ்ல மட்டும் இது மாதிரி பதினாலு பொட்டி குடுத்துகீறேன். நான் சீல் வச்சு ஒரு தாளக் குடுத்தா, நீங்க நேரா எடுத்துகினு போயி தண்ணி டேங்க் கிட்ட நின்னு படிப்பீங்க. சாயங்காலம் பதினாலும் என் கவுண்டர் மேல வந்து குந்திகினு இருக்கும். தெரியும்ல?

சுப்பராயன்: நான் யார்கிட்டயும் காட்ட மாட்டேன். ஒருத்திகிட்ட மட்டும் காட்டணும்.

ஜமீலா: பஞ்சவர்ணம் அக்காகிட்டயா?

சுப்பராயன்: என் சம்சாரம்கிட்டதான், வேற யாரு? நாலு மாசம்மா! நாலு மாசமா அந்தப் பண்ணை விளையாட்டுல பாடுபட்டிருக்கா. எட்டு மாடு. பதினாறு கோழி. ஒரு குளம் வேற. புதன்கிழமை சாயங்காலம் தொறந்தா ஒண்ணுமில்ல. மொட்டைத் தரை! ஓரமா எவனோ புதுசா நட்ட செடி. அவ போட்ட சத்தத்துல எதிர் பிளாக் ராகவன் ஓடி வந்துட்டான், சிலிண்டர் வெடிச்சிடுச்சோன்னு.

ஜமீலா: ஐயோ... அக்கா பாவம் சார். ஒவ்வொரு வாட்டி ரீசார்ஜுக்கு வந்தாலும் மாட்டுப் பேரெல்லாம் சொல்லும்.

சுப்பராயன்: பாவம்தான். அதான் எழுதுங்கறேன்.

ஜமீலா: நான் எழுதினா மாடு திரும்ப வருமா?

சுப்பராயன்: வராது. ஆனா பெட்டிதான் பண்ணுச்சுன்னு தெளிவாயிடும். அவ நம்ப மாட்டேங்கறா. 'பெட்டி தானா பண்ணியிருக்காது, யாரோ கை வச்சிருக்காங்க'ன்னு சொல்லிட்டு... என்னையே பாக்கறா.

ஜமீலா: நீங்க கை வச்சீங்களா?

சுப்பராயன்: நானா! என்ன பேச்சு இது? நான் எப்படிப்பட்டவன், நீ எப்படிக் கேக்கலாம்? 'ஐம்பத்து மூணு வயசுல பெட்டிக்குள்ள மாடு மேய்க்கறியே, நம்ம பையன் கிரண் ஓசூர்லேர்ந்து வந்தா சிரிப்பான்'னு அவளக் கிண்டல் பண்ணினவன் நான். பிளாக்குக்கே தெரியும்.

ஜமீலா: சரி சரி... கோவப்படாதீங்க. குறை இன்னா, ஒண்ணொண்ணா சொல்லுங்க.

சுப்பராயன்: கேட்டுக்கோ. மொதல்ல சார்ஜ். வீட்ல இருக்கற புது சார்ஜர்ல போட்டா ஏறவே மாட்டேங்குது. அதே வாய், அதே கம்பி. போன் ஏறுது, இது ஏறல. இது என்ன நியாயம்?

ஜமீலா: விக்கும்போதே சொன்னேனே சார். ரெண்டு பக்கமும் சின்ன வாய் கீற கேபிள் இதுக்கு ஆவாது. ஒரு பக்கம் பழைய பட்டை வாய் கீற கேபிள்தான் போடணும். டப்பாலயே வச்சுக் குடுத்தேன்.

சுப்பராயன்: ஏன் ஆவாது?

ஜமீலா: உள்ள ஒரு சின்ன சாமான் வைக்கணும், அத்த மிச்சம் புடிச்சிட்டான். வெல கொறைவுன்னா எங்கியாவது கை வச்சிருப்பான்ல?

சுப்பராயன்: பாத்தியா! ஒத்துக்கற! ரெண்டாவது, ஸ்பீக்கர். ஓட்டைய எங்க வச்சிருக்கான்? கட்ட விரல் வர்ற எடத்துல. புடிச்சா சத்தம் வராது, சத்தம் வேணும்னா புடிக்கக் கூடாது. வரையும்போது எவனுமே கைல வச்சுப் பாக்கலையா? எங்க செக்‌ஷன்ல இப்படி ஒரு டிராயிங் வந்திருந்தா கிழிச்சி மூஞ்சில...

ஜமீலா: அது உண்மைதான். நானே திட்டியிருக்கேன்.

சுப்பராயன்: பேட்டரி! அறுவதுன்னு காட்டும். நான் எழுந்து ஒரு... அவ எழுந்து ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு வந்தா பன்னெண்டு. அறுவதுக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல நம்பரே கெடையாதா?

ஜமீலா: ஹா ஹா...

சுப்பராயன்: சிரிக்காத. டப்பா மேல என்ன போட்டிருக்கான்? பத்தாயிரம் கேம். நான் உக்காந்து எண்ணினேன்.

ஜமீலா: எண்ணினீங்களா!

சுப்பராயன்: முந்நூறு வரைக்கும். அதுல கார் ரேஸ் ஒண்ணு முப்பத்தேழு தடவ வருது. அதே கார், அதே ரோடு, பேரு மட்டும் வேற. ஒரே ஆளுக்கு முப்பத்தேழு ரேஷன் கார்டு போட்ட மாதிரி. இது பித்தலாட்டம் இல்லையா?

ஜமீலா: பித்தலாட்டம்தான் சார், நான் இல்லன்னு சொன்னேனா? ஆனா நீங்க ஒரு பக்கமாவே பேசறீங்க. இதே காச எடுத்துகினு போயி புது போன் வாங்க முடியுமா? பழைய போன்தான் கெடைக்கும். அதுல ஒரு கேம் தொறந்தா, நடுவுல லோன் வேணுமான்னு ஒருத்தன் வருவான், ரம்மி ஆட வான்னு ஒருத்தன் வருவான். இதுல விளம்பரம் ஒண்ணு வருமா? நெட்டே கெடையாது. ஆன் பண்ணா பத்து எண்றதுக்குள்ள கேம்.

சுப்பராயன்: அதுக்காக...

ஜமீலா: இருங்க! நான் கேட்டேன்ல? இப்ப நீங்க கேளுங்க. கண்ணாடி மேல விரல வச்சு தேச்சுகினு ஆடறது ஒரு ஆட்டமா? இதுல பட்டன் கீது. அமுக்கினா அமுங்குது. மேல கீழ போற அந்தச் சிலுவ பட்டன் எப்டி கீது, சொல்லுங்க. நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க.

சுப்பராயன்: ...அது பரவால்ல.

ஜமீலா: பரவால்லயா?

சுப்பராயன்: நல்லாத்தான் இருக்கு. அமுத்தும்போது ஒரு... என்ன சொல்றது... விரலுக்கு பதில் சொல்லுது. ஆனா குறுக்கால போகணும்னா பெசகும். நேரா போடா வரப்பு மேலன்னா, சாஞ்சு பயிர மிதிச்சிட்டு நிக்கறான்.

ஜமீலா: ஸ்க்ரீனு?

சுப்பராயன்: ஸ்க்ரீன குறை சொல்ல முடியாது. காலைல பால்கனில வெயில் அடிக்கும்போதுகூடத் தெளிவா...

ஜமீலா: காலைல அக்கா பால்கனிக்கு எங்க சார் வரும்? அது சமையல்கட்டுலல்ல நிக்கும்?

சுப்பராயன்: ...லீவு நாள்ல.

ஜமீலா: ம்ம்.

சுப்பராயன்: என்ன ம்ம்?

ஜமீலா: ஒண்ணுமில்ல. குடுங்க பொட்டிய. மெமரி கார்டு எடுத்துப் பாக்கறேன். உள்ள வர்ற கார்டு நாஸ்தி கார்டுதான் சார், அத்த நான் மறைக்கல. வாங்கின அன்னிக்கே நல்ல கார்டா மாத்திக்கச் சொன்னேன். நீங்கதான், 'கம்பெனி வச்சத ஏன் மாத்தணும்'னு சட்டம் பேசினீங்க. கார்டு போயிருந்துச்சுன்னா நானே எழுதித் தரேன். போதுமா?

சுப்பராயன்: போதும்! அதான், கார்டுதான்! எழுது!

ஜமீலா: போடவேயில்ல, அதுக்குள்ள 'எழுது'ங்கறீங்க! ...இருங்க. லேப்டாப் கொஞ்சம் ஸ்லோ.

சுப்பராயன்: போயிருக்கும். நிச்சயமா போயிருக்கும்.

ஜமீலா: கார்டு நல்லாகீது சார்.

சுப்பராயன்: சரியாப் பாரு!

ஜமீலா: ரெண்டு வாட்டி ஓட்டிட்டேன். ஒரு இடம்கூட கெடல. பண்ணை கேமோட ஃபைலு இதோ, முழுசா கீது.

சுப்பராயன்: எந்தத் தேதில மாறியிருக்குன்னு போட்டிருக்கும்ல? அது... அதெல்லாம் தெரியுமா?

ஜமீலா: தெரியாது. இந்தப் பொட்டிக்குள்ள கடிகாரம் வைக்கல. எல்லாத்துக்கும் ஜனவரி ஒண்ணு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுவதுன்னு காட்டும்.

சுப்பராயன்: அப்பாடா... இல்ல, அதாவது, இது ஒரு குறை! இத எழுது! எழுவதுல எனக்கு ரெண்டு வயசு.

ஜமீலா: அதுக்கு ஏன் சார் மூச்சு வுடறீங்க?

சுப்பராயன்: வெக்கையா இருக்கு. ஃபேன போடு... இங்க பாரும்மா. கார்டு நல்லா இருக்குன்னா ஒண்ணுதான் அர்த்தம். நீ பழைய பெட்டிய வித்திருக்க.

ஜமீலா: இன்னாது!

சுப்பராயன்: எவனோ ஆடிட்டுக் குடுத்த பெட்டி. அவனோட பண்ணை உள்ள இருந்திருக்கு. திடீர்னு மேல வந்து, எங்க வீட்டுப் பண்ணைய அழிச்சிடுச்சு. அதான் அந்த முள்ளங்கி.

ஜமீலா: சார்... வேணாம். எங்க வாப்பா ஆரம்பிச்ச கடை. ரயிலேறப் போறவன் பொட்டிய வச்சுட்டுப் போனாகூட மூணு மாசம் வச்சிருந்து குடுத்த கடை. பழச புதுசுன்னு வித்தேன்னு இன்னொரு வாட்டி சொன்னீங்க...

சுப்பராயன்: அப்ப முள்ளங்கி எங்கேர்ந்து வந்துச்சு?

ஜமீலா: அத்த நான் கேக்கணும்! பொட்டி தானா முள்ளங்கி நடுமா? கடையில குந்திகினு நான் ராவோட ராவா நட்டனா? ...இருங்க. மொட்டைத் தரை, ஓரமா செடின்னுதான சொன்னீங்க. அது முள்ளங்கின்னு எப்டி கண்டுகினீங்க?

சுப்பராயன்: எலைய பாத்தா தெரியாதா?

ஜமீலா: அந்த கேம்ல எல்லா எலையும் ஒரே பச்சப் புள்ளி சார். நட்டவனுக்கு மட்டும்தான் தெரியும்.

சுப்பராயன்: ...யாராச்சும் சொல்லியிருப்பாங்க.

ஜமீலா: கேம தொறக்கறேன். எவன் பண்ணைன்னு பாத்துடலாம். ஆரம்பிக்கும்போது பேரு கேக்கும், போட்டாதான் உள்ள வுடும்.

சுப்பராயன்: வேணாம்மா... பேட்டரி கம்மியா இருக்கும்.

ஜமீலா: எழுவத்தெட்டு கீது. ...வந்துடுச்சு. பண்ணைக்காரர் பேரு... நாலு, நாலு, ஒண்ணு, ஏழு. இது இன்னா சார் பேரு?

சுப்பராயன்: அது... பெட்டியோட சீரியல் நம்பரா இருக்கும்.

ஜமீலா: சீரியல் நம்பரு பின்னாடி ஸ்டிக்கர்ல கீது. ஆறுல ஆரம்பிக்குது.

சுப்பராயன்: அப்ப கம்பெனி இன்ஸ்பெக்டர் எவனாச்சும்...

ஜமீலா: ஆமா ஆமா, இன்ஸ்பெக்டர்தான். எதுல கை வச்சாலும் டோக்கன் நம்பர் போடற இன்ஸ்பெக்டர்.

சுப்பராயன்: பழக்க தோஷத்துல ஒரு நம்பர் ஒண்ணா இருந்தா நான்தான்னு ஆயிடுமா? சாட்சி இருக்கா?

ஜமீலா: இதோ பண்ணையே கீது, பாருங்க. ஊடு, கிணறு, வேலி. இந்தப் பக்கம் ஒரு வரிசை...

சுப்பராயன்: இரு, இரு. அது என்ன நடுவுல?

ஜமீலா: எது?

சுப்பராயன்: ரெண்டாவது வரிசைக்கும் மூணாவது வரிசைக்கும் நடுவுல. கோணலா. அந்த ஊதா.

ஜமீலா: அது... கத்திரிக்கா சார். காச்சிருக்கு.

சுப்பராயன்: கத்திரிக்காயா? யாரு நட்டது? ரெண்டு கட்டம் வுட்டு ரெண்டு கட்டம், நூல் புடிச்ச மாதிரி பதினெட்டு முள்ளங்கி நட்டு வச்சிருக்கேன், எவன் வந்து நடுவுல கத்திரிக்கா நட்டது? தண்ணி பாய வழி வேண்டாம்? என் பண்ணைல கைய வைக்க எவனுக்கு என்ன...

ஜமீலா: சொல்லுங்க சார். யார் பண்ணைல?

சுப்பராயன்: ...ஃபேன் ஓடுதாம்மா இது?

ஜமீலா: ஓடுது.

சுப்பராயன்: காலைல அஞ்சு மணிக்கு எழுந்துப்பேன், மொத ஷிப்டுக்கு. அவ ஆறரைக்குத்தான் எழுந்துப்பா. ஒரு நாள் சும்மா எடுத்துப் பாத்தேன், இதுல அப்படி என்னதான் இருக்குன்னு. பெட்டிய சோதிக்கத்தான் எடுத்தேன், வேற ஒண்ணுமில்ல.

ஜமீலா: எத்தினி நாளா சோதன?

சுப்பராயன்: ...மூணு வாரம்.

ஜமீலா: மெர்சல் சார் நீங்க!

சுப்பராயன்: சிரிக்காதம்மா. சேவ் பண்ணும்போது இடம் மாத்தி அமுக்கிட்டேன் போலருக்கு. என் முள்ளங்கி அவ எட்டு மாட்டுத் தலைல உக்காந்துடுச்சு. புதன்கிழமை அவ கத்தறா, நான் கைல காப்பி டம்ளரோட நிக்கறேன். 'நான்தான்'னு வாய் வரைக்கும் வந்துச்சு. எப்படிச் சொல்லுவேன்? மாடு மேய்க்கறியான்னு சிரிச்ச வாய் இது. 'பெட்டி கோளாறா இருக்கும்'னு சொல்லிட்டேன். முப்பத்து நாலு வருஷத்துல ஒரு பொய் ரிப்போர்ட்ல கையெழுத்து போட்டதில்ல நான். மேனேஜர் மெரட்டினப்பவே போடல. இப்ப உன்னப் போடச் சொல்லிட்டு நிக்கறேன்... அதுவும் உன்ன பழைய சாமான் விக்கறவன்னு வேற...

ஜமீலா: அத்த நான் மறக்க மாட்டேன்.

சுப்பராயன்: மன்னிச்சுக்கோம்மா.

ஜமீலா: மன்னிக்கறது அப்பறம். எனக்கு ஒண்ணு ஒதைக்குது. கத்திரிக்கா நீங்க நடல?

சுப்பராயன்: சத்தியமா இல்ல. எனக்குக் கத்திரிக்கா ஆவாது, அரிப்பு எடுக்கும்.

ஜமீலா: கேம்ல நட்டா அரிக்காது சார்... சரி. இந்த கேம்ல சேவ் பண்ண ரெண்டு இடம் கீது, ரெண்டு லாக்கர் மாதிரி. அக்காவோடது மொத லாக்கர்ல இருந்துச்சு. இப்ப நாம பாத்ததும் அதேதான். ரெண்டாவதத் தொறக்கறேன், நில்லுங்க.

சுப்பராயன்: ரெண்டுல என்ன இருக்கப் போவுது?

ஜமீலா: ...முள்ளங்கி.

சுப்பராயன்: என்னது?

ஜமீலா: பேரு 4417. பதினெட்டு முள்ளங்கி, நூல் புடிச்ச மாதிரி. கத்திரிக்கா கெடையாது. சார்! நீங்க சரியா ரெண்டாவது லாக்கர்லதான் வச்சிருக்கீங்க! அக்காவோடத நீங்க தொடவேயில்ல!

சுப்பராயன்: தொடலையா? ...தொடலையா! அப்பவே நெனச்சேன்! நான் ஒரு தடவைக்கு மூணு தடவ பாத்துதான அமுக்குவேன்! இன்ஸ்பெக்டருக்கு இடம் மாறுமா? ...அப்ப ஒண்ணுல எப்படி?

ஜமீலா: யாரோ ரெண்டாவது லாக்கரத் தொறந்து உங்க பண்ணைக்குள்ள பூந்திருக்காங்க. கத்திரிக்கா நட்டு, அது காய்க்கற வரைக்கும் இருந்திருக்காங்க. வெளிய வரும்போது பழக்கத்துல மொத லாக்கர்ல சேவ் பண்ணிட்டாங்க. பழக்கத்துல ஒண்ணுல போடறவங்க யாரு சார்? ஊட்ல யார் யாரு கீறீங்க?

சுப்பராயன்: நானும்... அவளும்.

ஜமீலா: போன் அடிக்குது, எடுங்க.

சுப்பராயன்: அவதான். நீயே ஸ்பீக்கர்ல போடு.

பஞ்சவர்ணம்: என்னங்க, ஒரு மணி நேரமாச்சு. எழுதிக் குடுத்தாளா? குடுத்திருக்க மாட்டாளே. அவ வெவரமானவ. பெட்டி தானா அழிச்சிக்குமா, யாரோ கை வச்சாதான...

சுப்பராயன்: பஞ்சவர்ணம்.

பஞ்சவர்ணம்: என்ன?

சுப்பராயன்: கத்திரிக்கா நட்டது யாரு?

பஞ்சவர்ணம்: ...எந்தக் கத்திரிக்கா?

சுப்பராயன்: என் முள்ளங்கிக்கு நடுவுல, கோணலா.

பஞ்சவர்ணம்: ஓ! 'என்' முள்ளங்கியா? வாய்ல வந்துடுச்சா? ஜமீலா, நீ கேட்டியாடி?

ஜமீலா: கேட்டேன் அக்கா. ரெண்டாவது லாக்கரையும் பாத்தேன்.

பஞ்சவர்ணம்: ...பாத்துட்டியா.

சுப்பராயன்: சொல்லு. உன் எட்டு மாட்ட அழிச்சது யாரு?

பஞ்சவர்ணம்: அழிக்கணும்னா அழிச்சேன்? கதவு இடுக்குல பாத்தா, காலங்காத்தால நீங்க தனியா சிரிச்சிக்கிட்டு இருக்கீங்க. என்னதான் பண்றீங்கன்னு தொறந்து பாத்தேன். முள்ளங்கி தண்ணியில்லாம வாடிக் கெடந்துது, மனசு கேக்கல, ஊத்தினேன். நடுவுல எடம் சும்மா இருந்துச்சு... அமுக்கும்போது ஒண்ணா ரெண்டான்னு பாக்கல. என் மாடு போனது என் கையாலதான். கத்தினதும் நெசமாத்தான் கத்தினேன், கத்திரிக்காயக் கண்டப்புறம்தான் புரிஞ்சுது.

சுப்பராயன்: அப்புறம் ஏண்டி என்னையே மொறச்ச? என் கையாலதான் போச்சுன்னு மூணு நாளா நான் சோறு எறங்காம கெடந்தேன்! சொல்லக் கூடாத பழிய இந்தப் பொண்ணு மேல சொல்லிட்டேன்! தெரிஞ்சும் ஒரு வார்த்த சொல்லலையே, ஏன்?

பஞ்சவர்ணம்: மூணு நாளா படுக்கைக்கே காப்பி வந்துது. துணிய நீங்க காயப்போட்டீங்க, ரேஷன்ல நீங்க போய் நின்னீங்க, நேத்து கால் வலிக்குதான்னு நீங்களா வந்து கேட்டீங்க. எட்டு மாடு இருந்தப்பகூட யாரும் கேக்கல. சரி, ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஓடட்டும்னு இருந்தேன்.